மன்னிப்புக் கேட்ட பிரதமர்!

2000-ம் ஆண்டு, ஏப்ரல் 7. ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் குட்டி நாடான ருவாண்டாவின் தலைநகர் கிகாலி. ஆறு வருடங்களுக்கு முன் இதே நாளில் தொடங்கிய இனப்படுகொலையில் இறந்துபோனவர்களுக்கான நினைவு நாள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அம்மாவை இழந்தவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், குடும்பத்தில் தான் ஒருவர் மட்டுமே மிஞ்சியவர்கள் என்று அந்த ஊரில் துக்கம் இல்லாத வீடே கிடையாது. நூறு நாள்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட மண் அது.

அங்கே பேச எழுந்தார் ஒரு வெளிநாட்டுப் பிரதமர். வயது 46. பதவிக்கு வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலத்தில் ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியம்தான் அவருடைய நாடு. இதுபோன்ற இடங்களில் தலைவர்கள் வழக்கமாக ‘ஆழ்ந்த வருத்தம்’ தெரிவிப்பார்கள், மலர் வளையம் வைப்பார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. படுகொலையைத் தடுக்கும் கடமையில் தன் நாடு தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். தன் நாட்டின் பெயராலும் தன் மக்களின் பெயராலும் மன்னிப்புக் கேட்டார்.

அவர் பெயர் கீ வெர்ஹோஃப்ஸ்டாட். நம்மில் பலருக்கு வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் இடத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஏனென்றால், இளம் வயதில் ‘இரக்கமே இல்லாத ஆள்’ என்று பெயர் வாங்கியவர் அவர்!

அந்தப் பொடியன்

முதலில் பெல்ஜியத்தைப் பற்றிக் கொஞ்சம். வடக்கே டச்சு மொழி பேசும் ஃபிளெமிஷ் மக்கள், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோன் மக்கள். கட்சிகளும் மொழிவாரியாகப் பிரிந்தே நிற்கும். சோஷலிஸ்ட் என்றால் இரண்டு கட்சி, லிபரல் என்றால் இரண்டு கட்சி. எந்தக் கட்சியும் தனியாக ஆட்சி அமைக்க முடியாது. எப்போதும் கூட்டணிதான்.

இதில் லிபரல்களின் நிறம் நீலம். தனிமனித சுதந்திரம் வேண்டும், தொழில் செய்பவர்களை அரசு நெருக்கக் கூடாது, தேவாலயம் அரசியலில் தலையிடக் கூடாது என்பது அவர்களின் பரம்பரைக் கொள்கை.

1953 ஏப்ரல் 11-ல் டெண்டர்மோண்டே என்ற ஊரில் பிறந்தார் வெர்ஹோஃப்ஸ்டாட். அப்பா லிபரல் தொழிற்சங்கத்தின் சட்ட ஆலோசகர். வீட்டில் அரசியல் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தம்பி டிர்க்கும் பின்னாளில் லிபரல் சிந்தனைகளை எழுதும் எழுத்தாளர் ஆனார். கெண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தபோதே, லிபரல் மாணவர் சங்கத்தின் தலைவராகிவிட்டார் வெர்ஹோஃப்ஸ்டாட். படிப்பு முடிந்ததும் கட்சித் தலைவர் வில்லி டி கிளெர்க்கின் செயலாளர். 23 வயதில் கெண்ட் நகர மன்ற உறுப்பினர். 1982-ல், 29 வயதில், ஃபிளெமிஷ் லிபரல் கட்சிக்கே தலைவர்!

1985-ல் துணைப் பிரதமர் பதவியும் பட்ஜெட் துறையும் கைக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது 32. நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். மானியங்களிலும் அரசுச் செலவுகளிலும் வெட்டு விழுந்தது. 1986-ல் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன, தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. தொழிற்சங்க வக்கீலின் மகனுக்கு எதிராகவே கோஷங்கள்!

இங்கிலாந்தில் அப்போது மார்கரெட் தாட்சர் ஆட்சி. செலவு வெட்டுக்கும் பிடிவாதத்துக்கும் பேர்போனவர். அதனால் இவருக்கு ‘பேபி தாட்சர்’ என்று பட்டப்பெயர் வந்தது. இன்னும் எரிச்சலானவர்கள் ஃபிளெமிஷ் பேச்சுவழக்கில் ‘டா யோங்க்’ என்றார்கள். நம் ஊர்த் தமிழில் சொன்னால், ‘அந்தப் பொடியன்!’

பொடியனோ அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. 1991-ல் ‘குடிமக்களின் சாசனம்’ என்று ஒரு அறிக்கை எழுதினார். கட்சிகளும் சங்கங்களும் நடுவில் நின்று குடிமக்களை ஆட்டிவைக்கின்றன, அதிகாரம் நேரடியாக மக்களிடம் போக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1992-ல் பழைய கட்சியைக் கலைத்து, வி.எல்.டி. என்ற பெயரில் புதிதாகக் கட்டினார். அடுத்த பிரதமர் நாம்தான் என்ற நம்பிக்கையோடு 1995 தேர்தலைச் சந்தித்தார்.

எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. தலைவர் பதவியை ராஜினாமா செய்தார்.

தோல்வி தந்த நாற்காலி

அரசியலில் தோற்றவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். வெர்ஹோஃப்ஸ்டாட் பரபரப்பிலிருந்து ஒதுங்கினார். இத்தாலியின் டஸ்கனி கிராமப்புறத்தில் புத்தகங்களோடு நாள்களைக் கழித்தார். கைவசம் இருந்தது செனட் உறுப்பினர் பதவி மட்டும்.

அந்தச் செனட் நாற்காலிதான் அவரை ருவாண்டாவின் பக்கம் திருப்பியது.

முதல் உலகப் போருக்குப் பிறகு 1962 வரை ருவாண்டாவை ஆண்டது பெல்ஜியம். 1930-களில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ‘ஹூட்டு’, ‘டுட்ஸி’ என்று இனத்தை எழுதிவைத்தது பெல்ஜிய நிர்வாகம்தான். 1994-ல் வழி மறித்து நின்ற கொலைகாரர்கள் முதலில் கேட்டது அந்த அடையாள அட்டையைத்தான். ‘டுட்ஸி’ என்று இருந்தால் அத்தோடு முடிந்தது.

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் காலை பெண் பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமனா கொல்லப்பட்டார். அவருக்குப் பாதுகாப்பாக அனுப்பப்பட்டிருந்த ஐ.நா. அமைதிப்படையின் பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேரையும் பிடித்துக்கொண்டுபோய் ராணுவ முகாமில் கொன்றார்கள். செய்தி கேட்டு பெல்ஜியம் அதிர்ந்தது. ‘நம் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வாருங்கள்’ என்ற குரல் எழுந்தது. அரசு தன் படையைத் திரும்ப அழைத்தது. அதோடு நிற்காமல், மொத்த ஐ.நா. படையும் வெளியேற வேண்டும் என்று மற்ற நாடுகளிடமும் பேசியது.

அந்த முடிவின் விலை என்ன? கிகாலியில் ‘ஈ.டி.ஓ.’ என்ற தொழிற்பள்ளியில் சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் பெல்ஜிய வீரர்கள். வெளியே கத்தியோடு கொலைக் கும்பல் காத்திருந்தது. ஏப்ரல் 11-ம் தேதி, உத்தரவு வந்ததும் வீரர்கள் வண்டியில் ஏறிக் கிளம்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள்.

இறந்துபோன பத்து வீரர்களின் குடும்பத்தினர் சும்மா இருக்கவில்லை. ‘எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏன் செத்தார்கள், யாருக்கு என்ன தெரிந்திருந்தது?’ என்று விடாமல் கேட்டார்கள். 1997-ல் செனட் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கையாளர்கள் இருவர். அதில் ஒருவர் வெர்ஹோஃப்ஸ்டாட்.

ராணுவத் தந்திகள், தூதரகக் குறிப்புகள், உளவுத் தகவல்கள், நேரில் வந்தவர்களின் சாட்சியங்கள் என்று பல மாதங்கள் ஓடின. 1997 டிசம்பரில் அறிக்கை வெளியானது. படுகொலைக்குத் திட்டம் தீட்டப்படுவது பற்றிய தகவல்கள் முன்கூட்டியே பெல்ஜிய அதிகாரிகளுக்கு வந்திருந்தன, அவற்றுக்கு உரிய கவனம் கொடுக்கப்படவில்லை என்பதைப் பக்கம் பக்கமாகச் சொன்னது அறிக்கை.

பட்ஜெட் கணக்கு பார்த்துப் பழகிய மனிதர் இப்போது வேறொரு கணக்கைப் பார்த்துவிட்டார்.

கோழியும் முட்டையும் கவிழ்த்த ஆட்சி

1997-லேயே கட்சித் தலைமைக்குத் திரும்பியிருந்தார் வெர்ஹோஃப்ஸ்டாட். பேச்சில் பழைய காரம் குறைந்திருந்தது. 1999 தேர்தல் நெருங்கியது. அப்போதுதான் பெல்ஜியத்தின் சமையலறைகளில் பூகம்பம் வெடித்தது.

கோழித் தீவனத்தில் கலந்த கொழுப்பில் டையாக்ஸின் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. அரசுக்கு முன்பே தெரிந்திருந்தும் மக்களிடம் சொல்லவில்லை என்பதும் அம்பலமானது. கடைகளிலிருந்து கோழி, முட்டை எல்லாம் அகற்றப்பட்டன. குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் அம்மாக்கள் தவித்தார்கள். விவசாய அமைச்சரும் சுகாதார அமைச்சரும் பதவி விலகினார்கள். இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 13-ல் வாக்குப்பதிவு.

1958 முதல் இடைவெளியே இல்லாமல் அரசில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. லிபரல்கள், சோஷலிஸ்டுகள், பசுமைக் கட்சியினர் என்று ஆறு கட்சிகள் சேர்ந்த ‘வானவில்’ கூட்டணியின் பிரதமரானார் வெர்ஹோஃப்ஸ்டாட். அறுபது வருடங்களுக்குப் பிறகு பெல்ஜியத்துக்குக் கிடைத்த முதல் லிபரல் பிரதமர்!

அடுத்த சில வருடங்களில் நாட்டின் முகமே மாறியது. தீராத வேதனையில் இருக்கும் நோயாளி, கடுமையான நிபந்தனைகளோடு தன் மரணத்தைத் தானே கேட்டுப் பெறலாம் என்ற சட்டம் 2002-ல் வந்தது. 2003-ல், ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அங்கீகரித்த உலகின் இரண்டாவது நாடானது பெல்ஜியம். இரண்டிலும் நெதர்லாந்து மட்டுமே அதற்கு முன்னால் நின்றது. இராக் போருக்கு எதிராக பிரான்ஸ், ஜெர்மனியோடு கைகோத்தது. இதையெல்லாம் ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

‘ஸாரி’ சொல்வது சுலபமா?

இனி கிகாலிக்குத் திரும்புவோம்.

“அவருக்கு என்ன, சுலபமாக மன்னிப்புக் கேட்டுவிட்டார். 1994-ல் தப்பு செய்தது வேறு கட்சிகளின் ஆட்சிதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படைகளைத் திரும்ப அழைத்தபோது அவர் எதிர்க்கட்சிக்காரர். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1994-ல் ஆட்சியில் பங்கேற்ற சோஷலிஸ்டுகள்தான் 2000-ல் அவருடைய கூட்டணித் தோழர்கள். மன்னிப்புக் கேட்டால், பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அது வலிக்கும். தெரிந்தேதான் கேட்டார்.

மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் 1998-ல் கிகாலிக்கு வந்தார். உலகம் போதுமான அளவு செயல்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் விமான நிலையத்தைத் தாண்டி ஊருக்குள் போகவில்லை. பிரான்ஸ் அதிபர் எமானுவேல் மக்ரோன் 2021-ல் வந்து தன் நாட்டின் பொறுப்பைப் பற்றிப் பேசினார். ‘மன்னிப்பு’ என்பதை நேரடியாகக் கேட்காமலே பேச்சை முடித்தார். வக்கீல்களும் அதிகாரிகளும் அளந்து கொடுக்கும் வார்த்தைகளுக்கும், நேராகத் தலை குனிவதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

வெர்ஹோஃப்ஸ்டாட் அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெல்ஜியத்திலிருந்து சுமார் 25,000 யூதர்கள் நாஜி முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அதற்கு உடந்தையாக இருந்த பெல்ஜிய அதிகாரிகளுக்காகவும் அவர் மன்னிப்புக் கேட்டார். காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா 1961-ல் கொல்லப்பட்டதில் பெல்ஜியத்துக்குத் தார்மிகப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு, 2002-ல் அவருடைய வெளியுறவு அமைச்சர் லூயி மிஷெல் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது முழுக் கதை ஆகாது. உலகில் எங்கே போர்க்குற்றம் நடந்தாலும் பெல்ஜிய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் ருவாண்டா படுகொலையில் பங்கேற்ற நான்கு பேருக்கு, அதில் இருவர் கன்னியாஸ்திரீகள், 2001-ல் பிரஸ்ஸல்ஸில் தண்டனை கிடைத்தது. பிறகு இஸ்ரேல் பிரதமர் மீதும், முன்னாள் அமெரிக்க அதிபர் மீதும் புகார்கள் வந்தன. நேட்டோ தலைமையகத்துக்கே சிக்கல் வரும் என்று அமெரிக்கா மிரட்டியது. 2003-ல் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதும் இதே வெர்ஹோஃப்ஸ்டாட்டின் அரசுதான். கடந்த காலத்துக்காகத் தலை குனிந்தவர், நிகழ்காலத்தின் பலசாலி முன்னும் பணிய வேண்டியிருந்தது.

விழுவதும் எழுவதும்

அதற்குப் பிறகும் அவர் வாழ்க்கையில் வெற்றியைவிடத் தோல்விகளே அதிகம் பேசப்பட்டன. 78 வயதான தேசிய விமான நிறுவனம் சபீனா, 2001-ல் அவர் ஆட்சியில்தான் திவாலானது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2004-ல் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரிட்டன் தடுத்தது. 2007 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வென்றவர்களால் ஆறு மாதமாகியும் கூட்டணி அமைக்க முடியவில்லை. கடைசியில் மன்னர் அழைத்தது தோற்றுப்போன வெர்ஹோஃப்ஸ்டாட்டைத்தான்! மூன்று மாத இடைக்கால ஆட்சியை நடத்திக் கொடுத்துவிட்டு விலகினார்.

2009-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். பத்து வருடங்கள் லிபரல் அணிக்குத் தலைவர். கை வீசி, குரல் உயர்த்தி அவர் பேசிய பேச்சுகள் இணையத்தில் பரவின. 2017-ல் தலைவர் பதவி ஆசையில், கொள்கையே ஒத்துப்போகாத இத்தாலியக் கட்சி ஒன்றைத் தன் அணியில் சேர்க்கப் பார்த்தார். சொந்த அணியினரே வேண்டாம் என்றார்கள். பெரிய அவமானம். பிரெக்ஸிட் விவகாரத்தில் அந்த நாடாளுமன்றத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். பிரிட்டனில் குடியிருந்த லட்சக்கணக்கான ஐரோப்பியக் குடும்பங்களின் உரிமைக்காக வாதாடினார். 2020 ஜனவரியில் பிரிட்டனின் விலகலுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த நாள், ஒன்றுபட்ட ஐரோப்பாவைக் கனவு கண்ட அவருக்குத் துக்க நாள். 2024-ல் அந்த நாடாளுமன்றத்தை விட்டு விடைபெற்றார்.

பத்துக் கல்தூண்கள்

கிகாலியில் அந்தப் பத்து வீரர்கள் கொல்லப்பட்ட முகாமில் இன்று பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொரு தூணிலும் கோடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த வீரர் எத்தனை வயதில் இறந்தாரோ, அத்தனை கோடுகள். எண்ணிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. எல்லோரும் இளைஞர்கள்.

ஒரு மன்னிப்பு அந்தப் பத்துப் பேரையும் திருப்பித் தராது. ஈ.டி.ஓ. பள்ளியில் இறந்தவர்களையும் திருப்பித் தராது. ஆனால் ‘எங்களைக் கைவிட்டார்கள்’ என்று ஆறு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், ‘ஆமாம், கைவிட்டோம்’ என்று கைவிட்டவர்களே வந்து சொல்வது சின்ன விஷயமல்ல. தாங்கள் சொன்னது உண்மை என்று உலகத்தின் முன் பதிவாகிவிட்டது, இல்லையா?

ஒருவர் திறந்துவிட்ட கதவின் வழியே மற்றவர்களும் வந்தார்கள். ஆப்பிரிக்கத் தாய்களுக்கும் பெல்ஜியத் தந்தைகளுக்கும் பிறந்த குழந்தைகளைக் காலனி அரசு தாயிடமிருந்து பிரித்தெடுத்த கொடுமைக்காக, 2019-ல் பிரதமர் ஷார்ல் மிஷெல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். லுமும்பாவுக்காகத் தலை குனிந்த லூயி மிஷெலின் மகன் அவர்!

2022 ஜூனில், வெர்ஹோஃப்ஸ்டாட்டின் கட்சியிலிருந்தே வந்த பிரதமர் அலெக்சாண்டர் டி குரோ ஆட்சியில், பிரஸ்ஸல்ஸில் ஒரு சின்னப் பெட்டி லுமும்பாவின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் இருந்தது ஒரு பல். கொலை செய்து, உடலை அமிலத்தில் கரைத்தவர்களில் ஒருவர் எடுத்து வைத்திருந்த பல். லுமும்பாவின் உடலில் மிஞ்சியது அது ஒன்றுதான். அன்றும் பெல்ஜியம் மன்னிப்புக் கேட்டது. 61 வருடங்களுக்குப் பிறகு பிள்ளைகளால் அப்பாவை அடக்கம் செய்ய முடிந்தது.

வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு ‘ஸாரி’ சொல்லவே நாள்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டு இருக்கிறோம். ஒரு நாடு அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ‘அந்தப் பொடியன்’ பெயரைச் சொன்னால் பெல்ஜியத்தில் சிலருக்கு பட்ஜெட் வெட்டு நினைவுக்கு வரலாம், சிலருக்கு சபீனா. கிகாலியில் நினைவுக்கு வருவது அந்த ஏப்ரல் 7 மட்டும்தான்!